கறையை அறிந்து வெளுப்போம்: தாமிரபரணிக் கரையில் பல் எனாமலின் பாதுகாப்பு

பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை எனாமலைக் கெடுக்குமா? பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி சந்திப்பிலும் பல் மருத்துவமனைப் பலகைகளில் ‘ஒயிட்டனிங்’ என்ற சொல் சாதாரணமாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடுகளில் இந்தக் கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. ஒரே வரியில் இதற்கு விடை சொல்ல முடியாது. எந்தக் கறை, எந்த மருந்து, யார் கையால், எத்தனை நாள் என்ற நான்கையும் பொறுத்து விடை மாறும். ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. முறைப்படி செய்த பெராக்சைடு வெளுப்பால் எனாமலுக்கு வரும் கேடு சிறிது. கறையின் காரணம் தெரியாமல் தேய்ப்பதாலும் அமிலம் பூசுவதாலும் வரும் கேடு பெரிது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. இங்கே பல்லின் நிறத்தை மாற்றுவதில் வெற்றிலை பாக்குக்கு ஒரு பங்கு என்றால், சில ஊர்களில் குடிக்கிற தண்ணீருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எனாமலின் இயல்பு

எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அதில் பெரும்பகுதி ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகம். மனித உடலில் இதைவிடக் கடினமான திசு வேறில்லை. கடைவாய்ப் பல்லின் முகட்டில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும்.

முறிந்த எலும்பு கூடும். தேய்ந்த எனாமல் வளராது. அதைக் கட்டிய அமெலோபிளாஸ்ட் செல்கள் பல் முளைக்கும் தறுவாயிலேயே மறைந்துவிடுகின்றன. அதன்பிறகு எனாமலுக்கு இருக்கும் இயற்கையான காவல் உமிழ்நீர்தான். வாயில் அமிலத்தன்மை கூடி பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் தாது கரையத் தொடங்கும். அளவு ஏறியதும் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அந்த இடத்தில் மீண்டும் படியும். ஃப்ளோரைடு கலந்த படிகம் இன்னும் உறுதியானது. அது கரைய பிஎச் சுமார் 4.5 வரை இறங்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது. மென்மையான எனாமல் வேறு, இழந்த எனாமல் வேறு. மென்மையானதை உமிழ்நீரும் ஃப்ளோரைடும் திரும்ப இறுக்கும். உராய்ந்து போன தடிமனை எந்தப் பற்பசையும் திருப்பித் தராது. வெளுப்பு முறைகளை எடைபோட இந்த ஒரு வேறுபாடே அளவுகோல்.

இன்னொன்று, எனாமல் ஒளி ஊடுருவும் தன்மை உடையது. நமக்குத் தெரியும் மஞ்சளில் பெரும்பகுதி அதன் அடியில் உள்ள டென்டினின் நிறம். வயது ஏற ஏற எனாமல் மெலியும், டென்டின் தடிக்கும், பல் மஞ்சளாகும். ஆகவே வெண்மைக்காக எனாமலைத் தேய்க்கிறவர் நாளடைவில் மஞ்சளைத்தான் வெளியே கொண்டுவருகிறார்.

மூன்று வகைக் கறைகள்

முதல் வகை பல்லின் மேல் படிவது. தாமிரபரணியின் கடைமடையில் விளையும் ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலையோடு சேரும் பாக்கின் டானின் பல்லைச் செம்பழுப்பாக்குகிறது. புகையிலை, கட்டங்காப்பி, தேநீர், இரும்புச்சத்து டானிக், நாள்பட்டுக் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் மருந்து ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றுக்கு வெளுப்பு மருந்தே தேவையில்லை. பல் மருத்துவர் பற்காரையை அகற்றி, மெருகேற்றிவிட்டாலே போதும். ‘ஸ்கேலிங் செய்தால் பல் தேயும், ஆடும்’ என்ற பயம் நம் ஊரில் பரவலாக உண்டு. கருவியின் அதிர்வு உடைப்பது காரையைத்தான். காரை போனபின் பல் இடுக்கில் நாக்கு படுவதையும், ஏற்கெனவே இறங்கியிருந்த ஈறு தெரிவதையும் பல் தேய்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் வகை உள்ளிருந்து வரும் நிறம். வயதின் மஞ்சள், சிறுவயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மருந்தின் சாம்பல் பட்டைகள், எப்போதோ அடிபட்டு உயிர் இழந்த ஒற்றைப் பல்லின் கருமை எல்லாம் இதில் அடங்கும். பெராக்சைடுக்கு உண்மையான வேலை இங்கேதான். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அதை முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேர் சிகிச்சையும் உட்புற வெளுப்பும் தேவைப்படலாம். மற்றப் பற்களோடு சேர்த்து மேலே ஜெல் பூசுவது வீண்.

மூன்றாம் வகை எனாமலிலேயே பிறந்த குறை. ஃப்ளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் தெரியும் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளும் பழுப்புத் திட்டுகளும் இந்த வகை. இதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

உமிக்கரியும் எலுமிச்சையும்

நெல் விளையும் பள்ளத்தாக்கில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை. ஆலங்குச்சி, வேப்பங்குச்சிக்கு அடுத்தபடியாகப் பல் விளக்கக் கைக்கு எட்டியது அதுதான். செங்கல் தூளும் உப்பும் சாம்பலும் அதன் கூட்டாளிகள். இன்று அதே கரி ‘ஆக்டிவேட்டட் சார்கோல்’ என்ற பெயரில் கறுப்புப் பற்பசையாகத் திரும்பி வந்திருக்கிறது.

உமியை முற்றிலும் எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிகா. கரியாக நிறுத்தினாலும் அந்த சிலிகா உள்ளே இருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் எனாமல் 5 என்ற இடத்தில் நிற்கிறது. குவார்ட்ஸ் படிகம் 7. செங்கல் தூளிலும் மணலிலும் இருப்பது குவார்ட்ஸ். கடினமானது மென்மையானதை உராய்வது இயற்கை. கறை போகிறது என்பது உண்மை. கூடவே எனாமலும் போகிறது. 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த மீளாய்வு, கரிப் பற்பசைகளின் பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய சான்று இல்லை என்று முடித்தது. பற்பசையின் உராய்வை அளக்க ஆர்டிஏ என்ற அளவுகோல் உண்டு. சர்வதேசத் தர விதி அதற்கு 250 என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் இடித்த பொடிக்கு அப்படி எந்த அளவும் கிடையாது.

கரியைவிட மோசமானது எலுமிச்சை. அதன் சாற்றின் பிஎச் இரண்டை ஒட்டியது. கைப்பேசிக் காணொளிகள் சொல்வதைக் கேட்டு எலுமிச்சையோடு சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கிறவர்கள், அமிலத்தால் மென்மையான பரப்பை உடனே பிரஷ்ஷால் உராய்கிறார்கள். பல் சிறிது நேரம் வெளுத்துத் தெரிவது, அரிக்கப்பட்டுச் சொரசொரப்பான எனாமல் ஒளியைச் சிதறடிப்பதால். சமையல் சோடா தனியே மென்மையான பொருள்தான். எலுமிச்சையோடு சேரும்போதுதான் அது கேட்டுக்குத் துணைபோகிறது. புளிப்பு எதைச் சாப்பிட்டாலும், கோலா குடித்தாலும், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பல் விளக்குவதே நல்லது.

கடையில் விற்கும் ‘ஒயிட்டனிங்’ பற்பசைகளில் பலவும் மேற்பரப்புக் கறையை மட்டுமே எடுக்கும். சிலவற்றில் புளூ கோவரின் என்ற நீல நிறமி இருக்கிறது. அது பல்லில் மெல்லப் படிந்து மஞ்சளை மறைக்கும் கண்தோற்றம் மட்டுமே. அதனால் எனாமலுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

பெராக்சைடு பற்றி ஆய்வுகள் சொல்வது

மருத்துவமனை வெளுப்பின் மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. அல்லது அதை மெல்ல வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு, ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இந்த மூலக்கூறு மிகச் சிறியது. சில நிமிடங்களிலேயே எனாமலைக் கடந்து டென்டினை அடைந்து, நிறம் தரும் கரிமப் பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கிறது. ஆகவே இதில் உராய்வு என்பதே இல்லை.

1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள், பல் அச்சுக்குப் பொருந்தும் ட்ரேயில் 10 சதவீத ஜெல்லை இட்டு இரவில் அணியும் முறையை ஆய்விதழில் விவரித்தார்கள். இன்றுவரை அதிகம் பரிசோதிக்கப்பட்டதும், பாதுகாப்பில் நற்பெயர் பெற்றதும் இந்த முறையே. மருத்துவமனை நாற்காலியில் ஒரே அமர்வில் செய்வதற்கு 35 முதல் 40 சதவீதம் வரையிலான செறிவு பயன்படுகிறது. வேகம் கூடும், பல் கூச்சமும் கூடும்.

எனாமலுக்கு என்ன ஆகிறது? ஆய்வகத்தில், பிடுங்கிய பற்களில் செய்த சோதனைகளில் நுண்கடினத்தன்மை சற்றுக் குறைவதும் பரப்பு சற்றுச் சொரசொரப்பாவதும் பலமுறை பதிவாகியுள்ளன. சில சோதனைகளில் மாற்றமே தெரியவில்லை. இந்த முரணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஜெல்லின் பிஎச்: அமிலத்தன்மை உள்ள ஜெல் அரிக்கும், நடுநிலை ஜெல் அவ்வளவாக அரிக்காது. இரண்டு, உமிழ்நீர்: பல்லை உமிழ்நீரிலோ அதற்கு ஒத்த கரைசலிலோ வைத்திருந்த சோதனைகளில் இழந்த கடினத்தன்மை பெருமளவு திரும்பியிருக்கிறது. அதாவது இது பெரும்பாலும் மென்மையாதல், இழப்பு இல்லை.

2018இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு, வீட்டில் செய்யும் வெளுப்பு பற்றிய 71 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்தது. குறுகிய காலத்தில் பல் வெளுக்கிறது என்பதற்கு ஆதரவும், பல் கூச்சமும் வாய் எரிச்சலும் பொதுவான பக்கவிளைவுகள் என்ற எச்சரிக்கையும், சான்றின் உறுதி குறைவு என்ற கண்டிப்பும் அதில் உண்டு. கூச்சம் வருவது பெராக்சைடு பல்லின் கூழை எட்டுவதால். பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்த சில நாட்களில் அது அடங்கிவிடும்.

நீல விளக்கு, லேசர் என்று விளம்பரம் செய்யப்படும் ஒளியால் நீடித்த கூடுதல் வெண்மை கிடைப்பதாக நம்பகமான சான்று இல்லை. சூடு மட்டும் நிச்சயம். 1965இல் ஜாக், கோஹன் இருவரும் குரங்குகளில் செய்த பழைய சோதனையில், பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதப் பற்களின் கூழ் மீளவில்லை. ஒளிக்காகத் தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்.

கடையத்து நீரும் ஃப்ளோரோசிஸும்

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து இறங்கிவரும் ஆற்றுநீர் ஒரு வகை. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கி ஆழ்துளைக் கிணற்றில் ஏறும் நீர் இன்னொரு வகை. ராமநதியும் கடனாநதியும் பாயும் கடையம் வட்டாரமும் கடினப்பாறை நிலமே. அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு மாறும். கடையம் ஒன்றிய நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு அளவை ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி வேதியியலாளர்கள் அழகுமுத்துவும் ராஜனும் ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னர் முந்திரிக்கொட்டை ஓட்டுக் கரியைக் கொண்டு நீரிலிருந்து ஃப்ளோரைடை அகற்றும் வழியையும் சோதித்தார்கள். உள்ளூர்ப் பிரச்சினைக்கு உள்ளூர்க் கல்லூரி விடை தேடிய நல்ல எடுத்துக்காட்டு இது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஃப்ளோரைடு மிகுந்த நீரால் எலும்பும் பல்லும் கெடுவதை இந்தியாவில் முதன்முதலாக விரிவாகப் பதிவுசெய்ததும் பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937இல் நெல்லூர்ப் பகுதி பற்றிய ஆய்வு அது. அமெரிக்காவின் கொலராடோவில் பழுப்புப் பற்களைப் பார்த்து 1901இல் பல் மருத்துவர் மெக்கே தொடங்கிய தேடலுக்கு 1931இல்தான் காரணம் கிடைத்தது. மத்திய அரசு 2008-09இல் ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ஃப்ளோரோசிஸ் பல்லில் எனாமல் உருவாகும்போதே குறை விழுந்துவிடுகிறது. மேற்பரப்பின் அடியில் தாது குறைந்து நுண்துளைகள் மிகுந்திருக்கும். முளைக்கும்போது வெள்ளைத் திட்டாக இருப்பது, பிறகு உணவின் நிறத்தை உறிஞ்சிப் பழுப்பாகும். இதைப் புகையிலைக் கறையென்றும் சுத்தமின்மை என்றும் எண்ணி, பிள்ளைகளை ‘ஒழுங்காப் பல் விளக்கு’ என்று விரட்டுவது அநியாயம். அவர்கள் அழுத்தி விளக்க விளக்க, ஏற்கெனவே பலம் குறைந்த எனாமல் இன்னும் தேயும்.

இத்தகைய பல்லை மற்றப் பற்களைப் போல வெளுக்கப் புகுந்தால், முதல் நாட்களில் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். லேசான வகைக்கு, மெல்லிய செறிவில் பொறுமையாகச் செய்யும் வெளுப்பு நிற வேறுபாட்டைக் குறைக்கலாம். பழுப்புத் திட்டுக்கு மைக்ரோ அப்ரேஷன் என்ற முறை உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு உராய்வுப் பொடி கலந்து மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீவுவது அது. 1986இல் குரோல், கவனா இருவரும் 18 சதவீத அமிலத்தோடு இதை விவரித்தார்கள். இன்றைய பசைகளில் செறிவு அதைவிடக் குறைவு. போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்றாலும், அது திரும்பாத இழப்பு. ஆகவே மருத்துவர் கையால் மட்டுமே, அளவோடு மட்டுமே. நுண்துளைகளுக்குள் திரவ ரெசினைப் புகுத்தி நிறத்தை மறைக்கும் முறை 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. உராய்வு அதில் குறைவு. குழி விழுந்த கடுமையான வகைக்கு வெளுப்பு பயன்படாது. பல்நிறப் பூச்சோ வெனீரோதான் வழி.

அடுத்த தலைமுறையின் எனாமலைக் காப்பது தண்ணீர்க் குழாயிலேயே தொடங்குகிறது. நிரந்தரப் பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அதுவரை ஃப்ளோரைடு மிகுந்த கிணற்றை விட்டு ஆற்றுநீர்க் கூட்டுக் குடிநீரைக் கொடுத்தாலே போதும். நீரைக் கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு போகாது. ஆவியான பிறகு மிஞ்சும் நீரில் செறிவு கூடவே செய்யும். ஃப்ளோரைடு என்றதும் பற்பசையைத் தூக்கி எறியவும் வேண்டாம். முளைத்த பல்லுக்கு ஃப்ளோரைடு பற்பசை காவல்தான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசிமணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குவது என்ற கட்டுப்பாடு இருந்தால் சரி.

சிகிச்சையின்போது எனாமலைக் காப்பது

வெளுப்புக்கு முன் சொத்தை, விரிசல், கசியும் பழைய அடைப்பு, ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இவற்றின் வழியே மருந்து நேரே கூழுக்குப் போகும். பிறகு காரை நீக்கம். காரை போனதும் நிறத்தைப் பார்த்துவிட்டு, அத்தோடு திருப்தி அடைந்து வீடு திரும்புகிறவர்களும் உண்டு. அது நல்ல முடிவு.

மருந்தைத் தேர்வதில் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்கலாம். செறிவு எவ்வளவு? ஜெல் நடுநிலையானதா? ட்ரே என் பல் அச்சுக்குச் செய்ததா? கடையில் வாங்கி வெந்நீரில் இளக்கி வாயில் அழுத்தும் ட்ரே சரியாகப் பொருந்தாது. ஜெல் ஈறில் வழிந்து எரிக்கும். அச்சு எடுத்துச் செய்த ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொட்டு போதும். வழக்கமான காலம் சுமார் இரண்டு வாரம். மருத்துவமனையில் செறிவு மிகுந்த ஜெல் பூசுவதானால் ஈறுக்குத் தடுப்புப் பூச்சு இட்டிருக்க வேண்டும்.

கூச்சத்தைக் குறைக்க 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைச் சிகிச்சைக்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்கலாம். பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் வெண்மையைக் குறைக்காமல் கூச்சத்தை மட்டும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த, பால் கேசினிலிருந்து எடுக்கும் கால்சியம் பாஸ்பேட் பசையும் மருத்துவர்கள் தரும் ஒன்று. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கூச்சம் தாங்காவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வதே எளிய மருந்து.

சிகிச்சை நாட்களில் எலுமிச்சைச் சாறு, கோலா, புளிப்பு மிகுந்த ஊறுகாய் ஆகியவற்றை ஒதுக்குவதும், மென்மையான பிரஷ்ஷைப் பயன்படுத்துவதும், வாய் உலராமல் தண்ணீர் குடிப்பதும் உமிழ்நீரின் வேலையை எளிதாக்கும். நீரிழிவாலோ மருந்துகளாலோ வாய் உலர்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல்நிற அடைப்புகளும் கேப்களும் வெளுக்காது; புதிய அடைப்பை வெளுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து வைப்பதே சரி, இல்லாவிட்டால் பல்லில் தங்கிய ஆக்சிஜன் அதை ஒட்டவிடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வெளுப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. நிறம் மெல்ல மெல்லப் பழையபடி திரும்பும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதற்காக மாதந்தோறும் ஜெல் இடுவது எனாமலுக்கு ஓய்வே தராமல் வேலை வாங்குவது.

யார் செய்யலாம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் தெளிவான விதி வகுத்தது. 0.1 சதவீதம் வரையிலான பெராக்சைடை மட்டுமே பொதுமக்களுக்கு விற்கலாம். அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் மூலமே. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது. பல் வெளுப்பு பல் மருத்துவமே என்று 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், பதிவு பெற்றவரே பல் மருத்துவத் தொழில் செய்யலாம் என்ற நிலையை ஏற்படுத்தியது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை கலப்பதை மத்திய அரசு 1992இல் தடைசெய்ததும், உச்ச நீதிமன்றம் 1997இல் அதை உறுதிசெய்ததும் நினைவிருக்கத்தக்கவை. வாய்க்குள் போகும் பொருளை அழகுப் பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதை நாடு ஏற்கெனவே ஏற்றிருக்கிறது.

அழகு நிலையத்தில் முகத்துக்குப் பூசுவதோடு பல்லுக்கும் ஒரு பூச்சு என்பது ஆபத்தான சேர்க்கை. அங்கே சொத்தையைப் பார்ப்பவர் இல்லை, எக்ஸ்ரே இல்லை, ஜெல்லின் செறிவைச் சொல்பவரும் இல்லை. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, காவல்கிணறு ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரியிலோ, பதிவு பெற்ற எந்தப் பல் மருத்துவரிடமோ ஒருமுறை வாயைத் திறந்து காட்டினால், கறை மூன்றில் எது என்பது தெரிந்துவிடும்.

முடிவுரை

மேலே படிந்த கறைக்குக் காரை நீக்கம். உள்நிறத்துக்கு நடுநிலையான, செறிவு குறைந்த பெராக்சைடு. ஃப்ளோரோசிஸுக்குக் கடுமைக்கேற்ற தனிச் சிகிச்சை. இந்த வரிசை மாறும்போதுதான் எனாமல் விலை கொடுக்கிறது. உமிக்கரியையும் எலுமிச்சையையும் இன்றே நிறுத்துங்கள். பழுப்புத் திட்டோடு பிள்ளை வந்து நின்றால், பிரஷ்ஷைக் கையில் கொடுக்குமுன் வீட்டுக் குடிநீரின் ஃப்ளோரைடு அளவைச் சோதித்துப் பாருங்கள். ஊராட்சிகளும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றின் ஃப்ளோரைடு அளவையும் கிணற்றடியிலேயே எழுதி வைக்க வேண்டும். இயல்பான பல்லின் நிறம் இளமஞ்சள்தான். அதை ஏற்றுக்கொள்கிறவருக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.